கண்டெடுத்த வெள்ளியும் காணாத உடையவரும்

மண்ணுள் கிடக்கும் பொருளின் உடையவர் இறந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும், அதைக் கண்டெடுப்பவர் அவருக்குக் கடமைப்பட்டவரா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்றாகும். இங்கிலாந்தின் உழுவயல்களில் ஓய்வு நேரத்தில் உலோகங்காட்டிக் கருவியுடன் தேடுவோருக்கு ஒரு வெள்ளிக்காசோ மோதிரமோ கிடைக்கும் ஒவ்வொரு முறையும் இக்கேள்வி மீண்டும் உயிர்பெறுகிறது. கருவியின் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுள் உள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்விளைவைக் கருவி ஒலியாக மாற்றுகிறது. உலோகங்களுள் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளியே. ஆயினும் அப்பொருள் தவறி விழுந்ததா, ஒளித்து வைக்கப்பட்டதா, இறந்தவருடன் புதைக்கப்பட்டதா என்பதைக் கருவி சொல்வதில்லை. அறநூல்களும் சட்டநூல்களும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்ததோ அந்த வேறுபாட்டைத்தான்.

கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ, 'சட்டங்கள்' என்னும் நூலின் 11ஆம் பகுதியில், தம் முன்னோர் அல்லாத பிறர் புதைத்து வைத்த செல்வத்தைத் தொடவே கூடாது என்கிறார். எடுப்பதால் பெருகும் பொருளைவிட, எடுக்காமல் விடுவதால் உள்ளத்தில் வளரும் நேர்மையே பெரிய ஆதாயம் என்பது அவர் வாதம். ரோமானியச் சட்ட அறிஞர் பவுலுஸ், யார் வைத்தார் என்னும் நினைவே அற்றுப்போனமையால் உடையவர் இல்லாதுபோன பழைய வைப்பே புதையல் என்று வரையறுத்தார். ஹாட்ரியன் பேரரசரோ, பிறர் நிலத்தில் தற்செயலாகக் கிடைக்கும் புதையலைக் கண்டெடுத்தவரும் நிலத்துக்கு உரியவரும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள விதித்தார். பிளேட்டோவின் நெறியில் வைத்தவரின் உரிமைக்குக் காலத்தால் அழிவில்லை. பவுலுஸின் வரையறையிலோ நினைவு அழியும்போது உரிமையும் அழிகிறது.

யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இன்னும் நுட்பமாக நோக்குகிறது. சிதறிக் கிடக்கும் காசுகளைக் கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம்; பைக்குள் இருப்பவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று காசுகளையும் ஊரறிய அறிவிக்க வேண்டும். சிதறிய காசில் அடையாளம் எதுவும் இல்லாமையால் அதைத் தொலைத்தவர் மீட்கும் நம்பிக்கையைக் கைவிட்டிருப்பார் எனக் கொள்ளலாம். இக்கைவிடலை யூதச் சட்டம் 'யெயுஷ்' என்கிறது. அடுக்கிய காசுகளிலோ ஒருவரின் கையும் கருத்தும் தெரிகின்றன. ஆகவே பொருள் கிடந்த முறையே உடையவருக்காகப் பேசும் சாட்சியாகிறது. இஸ்லாமியச் சட்டமும் 'லுகதா' எனப்படும் தொலைந்த பொருளை ஓராண்டு அறிவிக்கச் சொல்வதோடு, 'ரிகாஸ்' எனப்படும் பழங்காலப் புதையலில் ஐந்தில் ஒரு பங்கைப் பொதுநலனுக்கு ஒதுக்குகிறது.

இங்கிலாந்தின் பழைய சட்டமும் வைத்தவரின் மனத்தையே வினவியது. திரும்ப எடுக்கும் எண்ணத்துடன் ஒளிக்கப்பட்ட பொன்னும் வெள்ளியும் அரசுக்குரியவை. அவ்வெண்ணமின்றிப் புதைக்கப்பட்டவை அவ்வாறல்ல. 1939இல் சட்டன் ஹூவில் கப்பலுடன் கிடைத்த செல்வம் ஈமப்பொருள் எனத் தீர்ப்பாகி நிலவுடைமையாளர் எடித் பிரிட்டியைச் சேர்ந்தது. அவர் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இந்த எண்ண ஆராய்ச்சியைக் கைவிட்டது. 300 ஆண்டுக்கு மேற்பட்டதும், எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பொன்னோ வெள்ளியோ கொண்டதுமான பொருளை, கொரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்கு 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக்காசு பொதுவாக இச்சட்டத்துள் அடங்காது. சட்டம் நிற்கும் அவ்விடத்தில்தான் அறத்தின் பொறுப்பு தொடங்குகிறது.

அப்பொறுப்பு யாதென்பதை ஹாக்ஸ்ன் புதையல் விளக்குகிறது. 1992இல் சஃபோக் மாவட்டத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிச் சென்ற எரிக் லாஸ், காசுகள் குவியலாக வெளிப்படத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்தி உரியவர்களுக்குத் தகவல் தந்தார். அதனால் தொல்லியலாளர்கள் பொருள்கள் அடுக்கப்பட்டிருந்த நிலையிலேயே ஆராய முடிந்தது. மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும் அதன் அமைப்பு விளங்கியது. ஏறத்தாழ 15,000 காசுகளுடன், யூலியானா என்னும் பெண்ணை வாழ்த்தும் பொற்காப்பும், அவுரேலியுஸ் உர்சிகினுஸ் என்னும் பெயர் பொறித்த வெள்ளிக்கரண்டிகளும் கிடைத்தன. நினைவு அழிந்ததால் உரிமை இழந்த மனிதர்கள், ஒருவர் பொறுமையாக நின்றதால் மீண்டும் நினைவுக்குள் வந்தனர்.

இதற்கு நேர்மாறானது, ஹியர்ஃபோர்டுஷயரில் 2015இல் கிடைத்த வைக்கிங் காலப் புதையலின் கதை. கண்டெடுத்தோர் அதை மறைத்துப் பிரித்து விற்றனர், 2019இல் தண்டிக்கப்பட்டனர். ஆல்ஃபிரெட் மன்னரின் காலத்து அரசியல் குறித்து அந்த வெள்ளிக்காசுகள் கூறியிருக்கக்கூடிய சான்றின் பெரும்பகுதி இழக்கப்பட்டது.

உழவும் உரமும் மேல்மண்ணில் கிடக்கும் உலோகத்தைச் சிதைப்பதால், எடுக்காமலே விடுவது எப்போதும் நன்று என்று பிளேட்டோவின் வழியில் கூறிவிட இயலாது. மாண்டவரின் அனுபவ உரிமை அவருடன் முடிவதை ஏற்கலாம்; அவர் வாழ்ந்ததற்கான சான்று அழிக்கப்படாதிருக்கும் உரிமையோ முடிவதில்லை. எனவே கண்டெடுப்பவர் வெள்ளிக்கு உரியவராகலாம். அது கிடந்த இடத்துக்கும் நிலைக்கும் அவர் காவலர் மட்டுமே. ஒற்றைக்காசே ஆயினும் இடத்தைக் குறித்து அறிவிப்பதும், அடுக்கிய வைப்பைக் கண்டால் கையை நிறுத்துவதும் இப்பொழுதுபோக்கில் ஈடுபடும் ஒவ்வொருவரும் மறுக்கவியலாத கடமைகளாகும்.