பசியும் அச்சமும் தீர்ந்த பின்

 

மனிதனை இயக்குவது எது என்று ஆராய்ந்தவர்களுள் அமெரிக்கரான ஆப்ரகாம் மாஸ்லோ ஒருவர். 1943இல் எழுதிய கட்டுரையில் மனிதத் தேவைகளை அவர் ஐந்தாக வகுத்தார். முதலில் ஊணும் உறக்கமும், அடுத்துப் பயமற்ற வாழ்வு, பிறகு அன்பு, அதன்பின் மதிப்பு, கடைசியில், தன் ஆற்றல் முழுதும் வெளிப்பட வாழ்தல். கீழ்ப்படி ஓரளவு நிறைந்தால்தான் மேற்படியில் மனம் செல்லும் என்றார்.

நமக்கு இது குறைஷ் சூராவை நினைவூட்டுகிறது. மாரியிலும் கோடையிலும் வணிகப் பயணம் சென்ற கூட்டத்தாருக்கு, நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம், அல்லாஹுத் தஆலா எடுத்துக் காட்டும் அருட்கொடைகள் இரண்டு: பசிக்கு உணவு, அச்சத்திலிருந்து அபயம். கஃபாவின் இறைவனை வணங்க வேண்டும் என்பதற்காகவே அவை நினைவூட்டப்படுகின்றன. ஆகவே வயிறு நிறைந்ததோடு மனிதன் கணக்கு முடிவதில்லை.

படி தவறாமல்தான் ஏறுவான் என்பதுமில்லை. ரமலானில் பகலெல்லாம் பட்டினியோடு மூட்டை தூக்கியவர் இரவில் தராவீஹுக்கு நிற்கிறாரே! இவ்வரிசை மாறுவதுண்டு என்று மாஸ்லோவும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் கடைக்கு வருவோம். சோறு போடுகிறோம், படுக்க இடம் தருகிறோம், சம்பளமும் தேதி தவறாமல் கொடுக்கிறோம். இருந்தும் சிப்பந்தி நிலைப்பதில்லையே என்று அங்கலாய்க்கிறோம். ஹெர்ஸ்பெர்க் என்ற மற்றோர் அமெரிக்கர், கணக்கர்களும் பொறியாளர்களுமாகச் சுமார் 200 பேரை விசாரித்து 1959இல் நூல் வெளியிட்டார். சம்பளமும் வசதியும் குறைந்தால் மனம் கசக்கும். அவை நிறைந்ததால் மட்டும் உற்சாகம் பிறவாது. செய்த வேலையை மெச்சுவதும் பொறுப்பை நம்பிக் கொடுப்பதுமே அதைத் தரும் என்பது அவர் முடிவு. சம்பளத்தைக் குறைக்க இதைச் சாக்காக்குவோர் முதற்பாதியை மறுபடி படிக்கட்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்குக் கொடுங்கள் என்றார்களே, அந்த ஹதீஸ் பிறந்த காரணத்தைக் கவனியுங்கள். அது சோற்றுக் குறையன்று. அபூதர் (ரலி) அவர்கள் கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திவிட்டார்கள். அதைக் கண்டித்தபோதுதான் இதைச் சொன்னார்கள். சோறும் துணியும் பின்னால் வந்தன. முதலில் வந்தது மானம்.

நம்மில் சிலர் பத்து வருஷம் நின்ற ஆளை இன்றும் வாடிக்கையாளர் முன்னால் 'டேய்' என்கிறோம். கல்லாச் சாவியைத் தரத் தயங்குகிறோம். ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்றவரைக் கடை திறந்ததும் அப்படிக் கூப்பிட நமக்கு நா எப்படி எழுகிறது?