பனிநிலத்திற் பொங்கல்: வழக்கமும் வாய்மையும்

ஒரு வழக்கம் தான் தோன்றிய நிலத்தையும் பருவத்தையும் விட்டு நீங்கிய பின்னரும் வழக்கமாகவே நிலைக்குமா, அன்றி அதன் பாவனையாக மட்டும் எஞ்சுமா? இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து, சிறப்பாக 1983ஆம் ஆண்டின் பின், பெருந்தொகையினராய்ப் புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் குடும்பங்கள் ஒவ்வோராண்டும் தை முதல்நாளன்று இதனை எதிர்கொள்கின்றன. வெளியே உறைந்த பனி. உள்ளே மின்னடுப்பின்மேற் பொங்கற்பானை. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அது பொங்கல். சறுக்குப்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே புறப்படக் காத்திருக்கும் மகனுக்கோ அது தாயின் ஞாபகம். இருவருள் எவரும் பொய் கூறவில்லை. ஆயினும் இருவரும் ஒரே செயலைச் செய்கின்றனர் என்று கூறுதற்கும் இடமில்லை.

'பனி' என்னும் சொல்லே இங்கு நம்மைச் சிறிது மயக்குகின்றது. குடாநாட்டிற் பனியென்பது புல்நுனியில் நிற்கும் நீர். கிடுகு வேலியின் ஓரத்திலே காலை ஏழு மணிவரை தங்கி, வெயிலேற மறையும் ஈரம். வெப்பநிலை 22 பாகை அளவுக்கு இறங்கினாலே முதியோர் சால்வையால் தலையை மூடிக்கொள்வர். நுவரெலியாவில் தை மாதத்து உறைபனியைக் கண்டவருக்கும் மழைபோல் வானிலிருந்து இறங்கும் வெண்பனி புதியதே. தமிழோ இவை யாவற்றையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது. தொல்காப்பியம் முன்பனியைக் குறிஞ்சிக்கு வகுத்தது. பின்பனியையோ பிரிவுக்குரிய பாலையோடு சேர்த்தது. பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாந்திணையெனப் புலம்பெயர்ந்த எழுத்தாளர் சிலர் கூறுங்காலை, அந்தப் பழைய வகுப்பு அவர்தம் உள்ளத்தில் இல்லாதிருந்திராது.

ஊரில் இப்பருவம் எவ்வாறு கழிந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மார்கழியில் திருவெம்பாவைக்குரிய பத்து நாளும் விடியற்புறம் நாலு மணிக்கே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கும். உறக்கம் கலையாத சிறுவர் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு ஒழுங்கைகளினூடே கோயிலுக்கு நடப்பர். கத்தோலிக்கக் குடும்பங்கள் பாலன் குடில் கட்டி, நத்தார் நள்ளிரவுப் பூசைக்குக் கூட்டாகச் செல்லும். மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துக் கீரிமலைக் கேணிக்கோ காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கோ ஒரு பயணம். பின்னர் தைப்பொங்கல்: சாணத்தால் மெழுகிய முற்றத்தில் உலக்கையை வைத்து அரிசிமாவினால் நாற்கோணமாய்க் கோலமிட்டு, கிழக்கு நோக்கி அடுப்பு மூட்டிப் பானை ஏற்றுதல். மறுநாள் பட்டிப்பொங்கல். தைப்பூசத்தன்று புதிர். இவற்றைச் செய்தோர் தாம் ஒரு பண்பாட்டைப் பேணுவதாக எண்ணிச் செய்தாரல்லர். காலையில் முகம் கழுவுவதுபோல் அவை நிகழ்ந்தன. பேணுதல் என்னும் எண்ணம் இழப்பின் பின்னரே பிறக்கின்றது. அவ்வெண்ணம் பிறந்தவுடன் செயலின் தன்மையும் மாறிவிடுகின்றது. புலம்பெயர்ந்தோர் பொங்கலைப் பாவனையென்போர் தமது வாதத்தை இவ்விடத்திலிருந்தே தொடங்குகின்றனர்.

அவர் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பொங்கல் விளைச்சலுக்கான நன்றி. வயலில்லாதவன் எதற்கு நன்றி கூறுவான்? முற்றமில்லை, மாடில்லை, அரிசியோ கடையில் வாங்கியது. புகையுணர் கருவி கூவிவிடுமென்ற அச்சத்தால் கற்பூரத்தையும் அளந்து ஏற்றவேண்டியிருக்கிறது. நிலத்திலிருந்து முளைத்ததை நிலத்திலேயே விட்டு வருதலே நேர்மை என்பர் இவர்.

ஆயின் இவ்வாதம் ஊரிலிருந்த பொங்கலை உள்ளவாறு நோக்காமல் எழுந்தது என்றே கருதவேண்டியிருக்கின்றது. குடாநாட்டில் ஆறில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையிற் கொணரும் மழையை நம்பியே நெல் விளைகின்றது. தை முதல்நாளன்று பல வயல்களிற் கதிர் முற்றியும் முற்றாமலும் நிற்கும். புதுநெல்லை உண்ணும் சடங்காகிய புதிரைத் தைப்பூசத்துக்கு வைத்தமை இதனாலே போலும். அன்றியும், புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டோர், கடலோடியோர், கொழும்பில் எழுதுவினைஞராயிருந்து விடுமுறைக்கு வந்தோர் எனப் பலர் என்றுமே கடை அரிசியிற்றான் பொங்கினர். அவர் பொங்கல் பொய்யென்று எவரும் கூறவில்லை.

நாளும் அவ்வாறே. தை முதல்நாள் ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்கின்றோம். வானியலின்படி அத்திருப்பம் மார்கழி முதற் பாதியிலேயே, டிசெம்பர் 21 அல்லது 22இல் நிகழ்ந்துவிடுகின்றது. மகர சங்கிராந்தியும் அத்திருப்பமும் ஒன்றாக இருந்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பாகும். புவியச்சின் மெல்லிய தள்ளாட்டத்தால் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி வந்துள்ளன. எனவே நல்லூரிலும் வல்வெட்டித்துறையிலும் நின்று பொங்கியோரும் நிகழ்ந்து முடிந்த ஒன்றையே வரவேற்றனர். சடங்குக்கும் அதன் காரணத்துக்கும் இடையே சிறிது இடைவெளி எப்போதும் இருந்திருக்கின்றது. பனிநிலம் அதனை அகலமாக்கிக் காட்டியது, அவ்வளவே.

முற்றத்தை இழந்த பொங்கலும் கனடாவிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பல இலட்சக்கணக்கில், பெரும்பாலும் ஒரே இரவில், மழையில் நனைந்தபடி செம்மணி வெளியினூடாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மூன்று மாதம் முழுமையாகக் கழியுமுன் பொங்கல் வந்தது. 1996 தைமாதத்தில் வலிகாமத்தார் பெரும்பாலோருக்குச் சொந்த முற்றமென ஒன்றில்லை. பாடசாலைக் கட்டடமும் பிறர் வீட்டு விறாந்தையுமே இருந்தன. அந்நிலையிற் பானை ஏற்றிய ஒருவரிடம் 'நீ எதற்கு நன்றி கூறுகின்றாய்?' என்று வினவும் துணிவு நமக்கு உண்டா? நன்றியின் அளவு பெற்ற உதவியின் அளவன்று, பெற்றவரின் சால்பின் அளவே என்னும் கருத்து வள்ளுவர் வகுத்த செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் உண்டு. விளைச்சலை அளந்து நன்றியை அளப்போர் வணிகம் பேசுகின்றனர் என்பேன்.

இனி, நன்றி எவருக்கு என்னும் வினாவுக்கு வருவோம். பொங்கற்பானை வயலை நோக்கி வைக்கப்படுவதில்லை. கிழக்கு நோக்கியே வைக்கப்படுகின்றது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணித்தியாலம். மிக நீண்டது 12 மணி 40 நிமிட அளவினது. ஞாயிறு வடக்கே திரும்பியதைப் பஞ்சாங்கம் சொல்லித்தான் அங்கு அறியவேண்டும். கண்ணால் அறிதல் அரிது. ரொறன்ரோவிலோ மிகக் குறுகிய பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு; மிக நீண்டது ஏறத்தாழ 15½ மணித்தியாலம். இருளில் வேலைக்குச் சென்று இருளில் மீள்வோர்க்குப் பகல் ஒவ்வொரு நிமிடமாகத் திரும்பி வருவது உடலில் உணரப்படும் செய்தி. தை பிறக்கும்போது அங்கே பகல் 20 நிமிட அளவு வளர்ந்திருக்கும். ஞாயிற்றின் மீட்சிக்கு நன்றி கூறும் ஒரு விழா எந்த நிலத்துக்கு மிகுந்த பொருத்தமுடையது என நடுநின்று வினவின், பனிநிலத்துக்கே என்றல்லவா விடைகூற நேரும்? நம் முன்னோர் அறிந்த ஞாயிறு கொடுப்பதிற் குறைவைக்காத ஞாயிறு. விலகிச் சென்று மீளும் ஞாயிற்றை அவர் அறியார். அவர்தம் பேரரே அறிவர்.

இக்கருத்தை ஏற்பின், யன்னலோரத்தில் நிற்கும் மகனைப் பற்றிய நமது மதிப்பீடும் மாறவேண்டும். மாசிமாதத்து மூன்றாந் திங்கட்கிழமையை, அதாவது பெப்ரவரியின் மூன்றாந் திங்களை, 'குடும்ப தினம்' என ஆல்பேட்டா மாகாணம் 1990 முதலும் ஒன்ராறியோ 2008 முதலும் விடுமுறையாக்கியுள்ளன. அந்நாளுக்குப் புராணமில்லை, தெய்வமில்லை, படையலில்லை. நீண்ட குளிரின் நடுவே வீட்டார் ஒருங்கிருக்கட்டும் என்பதே நோக்கம். அன்று தமிழ்க் குடும்பங்களும் உறைந்த குளத்திற் சறுக்கவும் பனிமேட்டில் வழுக்கிவிளையாடவும் செல்கின்றன. சேலைக்கு மேல் மொத்தமான மேலங்கி அணிந்த பாட்டி காரினுள் இருந்தபடி போத்தலிற் கொணர்ந்த தேநீரை ஊற்றிக் கொடுக்கின்றாள். பெற்றோர் சிலர் இதனை வெறும் விளையாட்டென்றும் பொங்கலையே பண்பாடென்றும் தரம் பிரிக்கின்றனர். ஆனால் கசூரினாக் கடற்கரைக்குச் சென்றதையும் கீரிமலையில் நீராடியதையும் தம் பண்பாட்டு நினைவுகளுள் முதலிடத்தில் வைப்போரும் இவர்களே! பிள்ளைக்கு அப்பனிமேடே கீரிமலை என்பதை இவர்கள் காணாதது வியப்பு.

இங்கு அறவினா ஒன்று மறைந்திருக்கின்றது. பொங்கலன்று பிள்ளை முகம் சுளித்தால் அதனைப் பெற்றோர் தமக்கும் ஊருக்கும் செய்த துரோகமாகக் கொள்வதுண்டு. இழந்தவர் மனம் அவ்வாறு துடிப்பது இயல்பே. எனினும் ஒரு விழாவை விசுவாசத்தின் பரீட்சையாக்குவோர் அதிலிருந்து நன்றியை எடுத்துவிட்டுக் கடனை வைக்கின்றனர். நன்றியைக் கட்டளையிட்டுப் பெறமுடியாது, காரணத்தைக் காட்டலாம். பானை ஏன் கிழக்கு நோக்குகின்றது என்பதை விளக்காது, 'எங்கள் ஆட்கள் இப்படித்தான்' என்று மட்டும் கூறுவது விளக்கமாகாது. 2016இற் கனடாப் பாராளுமன்றம் தை பிறக்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது மகிழ்தற்குரியதே. ஆயினும் மேடையிற் கிடைக்கும் பெருமை, வீட்டில் அவ்விளக்கத்தைத் தரும் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிக்காது.

ஆடிப்பிறப்பைப் பாருங்கள். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய பாட்டினால் நாம் யாவரும் அறிந்த நாள் அது. ஜூலை நடுவில் வருகின்றது. அங்கே பனியில்லை, இருளில்லை, பாடசாலையுமில்லை; கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வேண்டிய பனங்கட்டி கடையிற் கிடைக்கின்றது. தடையெதுவுமில்லாத அந்நாள் பொங்கலளவு அங்கு பேணப்படுவதில்லை; ஊரிலும் மெலிந்துவிட்டது. ஆகவே வழக்கங்களைக் கொல்வது குளிரன்று. சுவையாக மட்டும் நினைவுகூரப்பட்ட நாள், வேறு சுவைகள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது.

எஞ்சுவது நடைமுறை பற்றிய ஒரு சிக்கல். தை முதல்நாள் செவ்வாயில் வந்தால், வேலையும் பள்ளியும் முடிந்து சனிக்கிழமை மாலையில் உறவினரைக் கூட்டிப் பொங்குவது அங்கே பலரது வழக்கமாகி வருகின்றது. நாளை மாற்றியதிற் பெருந்தவறு காணேன். நாள் முன்னரே 20 நாளுக்கு மேல் விலகியிருப்பதைக் கண்டோம். மாலையில் வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜனவரி நடுவில் ரொறன்ரோவில் ஐந்து மணியளவில் ஞாயிறு மறைந்துவிடும். ஆறு மணிக்குப் பொங்கும் பானை எவரையும் நோக்கியதன்று. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வைக்கலாம். கிழக்கு யன்னலின் திரையை விலக்கி, பிள்ளைகளைப் பனிச்சப்பாத்தோடேயே அழைத்து நிறுத்தலாம். பொங்கியதும் அவர்கள் மேட்டுக்குப் போகட்டும். அங்கே அப்பருவத்தில் ஞாயிறு எழுவது எட்டு மணிக்குச் சற்று முன்னராகும். ஊரில் நாலு மணிக்கு எழுந்து முற்றம் மெழுகியோரின் மக்களுக்கு அது ஒரு சிரமமன்று.