அடித்தவருக்கும் வழக்கறிஞர் வேண்டுமா?

ஒருவர் மற்றொருவரை அடித்துக் காயப்படுத்தியது ஊருக்கே தெரிந்திருக்கையில், அடித்தவர் பணம் கொடுத்து வழக்கறிஞரை அமர்த்திக்கொள்வதும், அந்த வழக்கறிஞர் அவருக்காக வாதாடுவதும் அறத்துக்கு உகந்தவைதாமா என்ற கேள்வியைச் சட்டம் படித்தவர்களைவிடச் சாதாரண மக்களே அதிகம் கேட்கிறார்கள். பாலாற்றுப் படுகையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று விரியும் தோல் தொழில் வட்டாரத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கூர்மை உண்டு. தோல் பதனிடும் ஆலையின் வாசலிலோ ஷூ கம்பெனிக்கு வெளியிலோ, கூலி பாக்கியாலும் அட்வான்ஸ் கணக்காலும் வாய்ச்சண்டையாகத் தொடங்கிக் கைகலப்பாக முற்றும் தகராறில், ஒரு பக்கம் வசதி படைத்தவரும் மறுபக்கம் அன்றாடக் கூலிக்காரரும் நிற்பார்களானால், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் சக்தியே அநியாயத்தின் கருவியாக மக்கள் கண்ணுக்குப் படுகிறது. அந்த எண்ணத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கோபம் பாய வேண்டிய இடம் வேறு.

அடித்தாரா இல்லையா என்பது மட்டுமே நீதிமன்றத்தின் கேள்வி என்று எண்ணுவதிலிருந்தே இந்தப் பிழை தொடங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா, அடியை அதன் விளைவையும் கருவியையும் கொண்டு பல படிகளாகப் பிரிக்கிறது. வேண்டுமென்றே சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் 115ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எலும்போ பல்லோ முறிவது, ஒரு கண்ணின் பார்வை நிலையாகப் போவது, முகம் நிரந்தரமாக உருக்குலைவது, பதினைந்து நாள் கடும் வலியில் கிடப்பது அல்லது வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போவது ஆகியவை கொடுங்காயம் என்ற வகைக்குள் வருகின்றன. அதற்கு 117ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதே கொடுங்காயத்தைக் கத்தி போன்ற ஆபத்தான கருவியால் ஏற்படுத்தினால் 118ஆம் பிரிவின்படி தண்டனை குறைந்தது ஓராண்டில் தொடங்கி ஆயுள் வரை செல்லும். தன்னைத் தாக்க வந்தவரைத் தடுப்பதற்காக, தேவைக்கு மிகாமல் அடித்த அடியோ குற்றமே ஆகாது. ஓராண்டுக்கும் ஆயுளுக்கும் இடையிலான இந்த நீண்ட தொலைவில், தாம் செய்தது எந்தப் படியில் நிற்கிறது என்பதைக் கைதான ஒருவர் தாமே எடுத்துச்சொல்லிவிட முடியாது.

ஒரே ஒரு தாளை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்கு வந்தவுடன், பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அவர் சொல்வதைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறார்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், தெரிந்த ஆட்களா தெரியாத ஆட்களா, எத்தனை பேர், கையாலா கட்டையாலா என்பவை அதில் இடம்பெறும். தெரிந்த இருவர் கையால் அடித்ததாக மருத்துவமனையில் பதிவானது, மறுநாள் காவல் நிலையத்தில் பதியப்படும் முதல் தகவல் அறிக்கையில் ஐந்து பேர் இரும்புக் கம்பியால் தாக்கியதாக மாறியிருக்குமானால், இடையில் பழைய பகையோ பிறரின் தூண்டுதலோ புகுந்ததா என்று கேட்க ஆள் வேண்டும். முதல் இருவரும் உண்மையிலேயே அடித்தவர்களாக இருக்கலாம். ஆனால் சண்டை நடந்த தெருவிலேயே இல்லாத மற்ற மூவரும் அவர்களோடு சேர்ந்து சிறைக்குப் போவது எந்த அறத்திலும் சேராது. அந்தத் தாளை நீதிமன்றத்தின் முன் எடுத்து நீட்டுபவர் எதிர்தரப்பு வழக்கறிஞரே. உண்மை முழுவதும் வெளிவர அவர் தேவைப்படுகிறார் என்பதே அவருக்கான முதல் அற நியாயம்.

இந்த நியாயத்தைத் தமிழ்நாட்டு வழக்கறிஞர்களே ஒரு முறை மறந்ததுண்டு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர் ஒருவருக்கும் காவலர்களுக்கும் இடையே மூண்ட மோதலைத் தொடர்ந்து, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காகத் தங்கள் உறுப்பினர் எவரும் வாதாடக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2010 டிசம்பர் 6 அன்று மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகிய நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். இத்தகைய தீர்மானங்கள் சட்டப்படி செல்லாதவை, அரசமைப்புச் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் எதிரானவை என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அவரைக் கொண்டு எதிர்வாதம் செய்யவும் அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு தரும் உரிமை, காவலருக்கும் உண்டு. தங்களில் ஒருவர் அடிபட்டதால் எழுந்த சினத்தைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் சினத்தில் இருக்கும்போதும் விட்டுவிடாமல் காக்க வேண்டியதைத்தான் தொழில் அறம் என்கிறோம்.

தோல் வட்டாரத்திலேயே இதற்குப் பெரியதொரு சோதனை வந்தது. காவல் நிலைய விசாரணைக்கு ஆளான இளைஞர் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து 2015 ஜூன் மாத இறுதியில் ஆம்பூரில் கலவரம் மூண்டு, காவலர்கள் பலர் காயமடைந்தனர், வாகனங்கள் எரிக்கப்பட்டன. அந்தக் காவலர்களின் காயம் உண்மை. அதற்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆயினும் 191 பேர் மீது தொடரப்பட்ட வழக்கு பத்தாண்டு நடந்து 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றத்தில் முடிந்தபோது, குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் 22 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுவிக்கப்பட்டனர். கூட்டமாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்க்க வைக்கும் வேலை எதிர்வாதம் இல்லாமல் நடந்திருக்காது. விடுதலையானவர்கள் அதற்காகப் பத்தாண்டு வாய்தாவுக்கு அலைந்தது தனியே பேச வேண்டிய கொடுமை.

இனி, அடித்தவர் தம் வழக்கறிஞரிடம் தாமே அடித்ததாக ஒப்புக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? இக்கேள்விதான் உண்மையில் கடினமானது. 1840இல் லண்டனில், எஜமானரைக் கொன்றதாக விசாரிக்கப்பட்ட கூர்வாஸியே என்ற பணியாள், விசாரணையின் நடுவே தம் வழக்கறிஞர் சார்லஸ் பிலிப்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிலிப்ஸ் வழக்கைக் கைவிடவில்லை; ஆனால் உண்மை தெரிந்த பிறகும் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்கள்மேல் சந்தேகம் விழும்படி பேசினார் என்ற பழி அவரை நெடுங்காலம் விடவில்லை. வழக்கைத் தொடர்ந்து நடத்தியது அறத்துக்கு மாறானது அன்று. குற்றமற்ற ஏழைப் பெண்கள்மேல் பழி விழச் செய்திருந்தால் அதுவே மாறானது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகளும், குற்றம் பற்றித் தம் சொந்த எண்ணம் எதுவாயினும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் வாதாட வேண்டும் என்றும், போதிய சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்ற சட்டத்துக்கே அவர் விசுவாசமாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அரசுத் தரப்பின் சான்று போதுமா என்று கேட்பது ஒன்று. பொய்யைச் சான்றாக நிறுத்துவது வேறொன்று.

ஆகவே, அடித்தவர் வழக்கறிஞரை அமர்த்துவது தவறன்று. அமர்த்தியவரிடம் எதைக் கேட்கிறார் என்பதில்தான் தவறு நுழைகிறது. அடிபட்ட தொழிலாளி புகார் கொடுத்த மறுநாளே, அவரே முதலில் தாக்கினார் என்று இட்டுக்கட்டிய எதிர்ப்புகாரைப் பதிவு செய்யச் சொல்வதும், சாட்சிகளைப் பணத்தாலோ வேலை போய்விடும் என்ற அச்சத்தாலோ பிறழ வைப்பதும், கூண்டில் நிற்கும் பெண் தொழிலாளியிடம் வழக்குக்குத் தொடர்பில்லாமல் அவருடைய நடத்தையைக் கிளறிக் கேட்பதும் எதிர்வாதம் ஆகா. அவை முதல் அடியின் மேல் விழும் இரண்டாம் அடி. கட்சிக்காரர் கேட்டாலும் மறுக்க வேண்டியவை இவை. ராஜிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சாதாரணக் காய வழக்கைக் காயம்பட்டவரே சமாதானமாக முடித்துக்கொள்ளவும், ஆபத்தான கருவி பயன்படுத்தாத கொடுங்காய வழக்கை நீதிமன்ற அனுமதியோடு அவ்வாறு முடிக்கவும் சட்டம் இடம் தருகிறது. மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டி, தவறை ஒப்புக்கொண்டு கேட்கும் மன்னிப்போடு முடியும் ராஜி, பல ஆண்டு வழக்கைவிடச் சிறந்தது. அடிபட்டவர் அடித்தவரிடமே வேலை செய்பவராக இருந்தால், அந்தச் சம்மதம் உண்மையிலேயே அவருடையதுதானா என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் நீதிபதியும் ஒரு முறைக்கு இரு முறை கேட்டாக வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன மக்கள் கோபம் பாய வேண்டிய இடம் இப்போது தெளிவாகிறது. வசதியானவருக்கு நல்ல வழக்கறிஞர் கிடைப்பது கண்டு கொதிப்பதைவிட, கூலிக்காரருக்கு அவ்வாறு கிடைக்காததைக் கண்டு கொதிப்பதே நியாயம். காயம்பட்டவருக்காக அரசு வழக்கறிஞர் வழக்கு நடத்துவார் என்றாலும், அவருக்குத் துணை நிற்கும்படி காயம்பட்டவர் தமக்கென ஒரு வழக்கறிஞரையும் நீதிமன்ற அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினரையும், காவலில் இருப்பவர்களையும், ஆலைத் தொழிலாளர்களையும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்களாக வருமான வரம்பின்றி ஏற்கிறது. தோல் பதனிடும் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள், அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாலும் சரி, அடிபட்டு நின்றாலும் சரி, வட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுத்து வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.