மறு நிகாஹும் முதல் பிள்ளைகளும்

சங்கரன்கோவிலில் தறிக் கூலியை நம்பிய வீடுகளில் ஒரு பேச்சைக் கேட்கிறோம்: "அவன் மறு நிகாஹ் முடித்துவிட்டான், முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு இனி எங்கிருந்து கொடுப்பான்?" தாய் மறுமணம் செய்தாலோ, "வந்தவர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்துவிடுகிறோம். வந்தவர் பார்த்தால் அது அவருடைய ஸதகா; பெற்றவனின் கடமை அதனால் நீங்காது.

திருமறையின் அத்தலாக் அத்தியாயம் 7-ஆம் வசனம் வசதிக்குத் தக்கபடி செலவிடச் சொல்கிறது. வருவாய் மெய்யாகவே சுருங்கினால் தொகை குறையலாம். குறைக்கும் காரணம் வருவாய்தான், நிகாஹ் அல்ல. புது நிகாஹுக்குப் பந்தல் போட்ட கைக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவின்போது மட்டும் வறுமை வருவானேன்?

பீகாரிலிருந்து சென்ற வழக்கொன்றில், மறுமணம் செய்த தகப்பன் முதல் மனைவியைத் தலாக் சொல்லிவிட்டு, 1986-ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தைக் காட்டி, மூன்று பிள்ளைகளுக்கும் தலா 150 ரூபாய் மாதப்படியிலிருந்து விடுபடப் பார்த்தார். இரண்டு வயதோடு கடமை தீர்ந்ததாம்! 1997-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேஜராகும் வரையிலோ, தாமே பிழைத்துக்கொள்ளும் வரையிலோ, பெண் மக்களாயின் நிகாஹ் ஆகும் வரையிலோ தகப்பனே கொடுக்க வேண்டும் என்றது. பள்ளிவாசலில் நாம் சொல்லியிருக்க வேண்டியது அது.

மறு நிகாஹுக்கு தஃப்தரைத் திறக்கும் ஜமாஅத்தார், முதல் பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு போகிறதென்று மாப்பிள்ளையிடம் கேட்டு, அதையும் எழுதிக் கையொப்பம் வாங்கட்டும்.