மீன் குழம்பும் பங்குனி ஆமையும்

2025 பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மண்சட்டியில் புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாசனை போய், சங்கரா மீன் துண்டுகளைப் போடலாம் என்று கையில் எடுத்தபோது அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்வதற்கென்று ஒரு முகூர்த்தம் இருக்கிறது போல. வெறும் வெந்நீர் வைக்கும்போது ஒரு நாளும் தீர்ந்ததில்லை. பால்கனியில் இருந்த இன்னொரு சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தேன். ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள். காலை மடக்கி எனக்கு வழிவிட்டார்கள்.

ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருக்கும்போது மகள் கைபேசியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பதினான்கு வயது.

"அம்மா, நம்ம பீச்ல ஆமையெல்லாம் செத்துச் செத்து ஒதுங்குதாம். மீன் வலையில மாட்டித்தான் சாகுதாம். இனிமே நீ மீன் வாங்காதம்மா."

வாரம் ஒரு நாளாவது மீன் இல்லாவிட்டால் முகம் சுருங்குகிறவர் அவளுடைய அப்பா. சட்டி அடுப்பில் ஏறியதுமே "தலை எனக்கு" என்று சொல்லிவைக்கிறவர் என் மாமியார். பொரித்த துண்டில் நடுப்பகுதி மகளுக்கு. எனக்கு வருவது பெரும்பாலும் வால். ஆனால் "மீன் வாங்காதே" என்ற சொல் மட்டும் நேராக என்னிடம் வந்தது. கையில் கரண்டி வைத்திருப்பவள் நான் அல்லவா.

அந்த வாரச் செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. மாத முடிவில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள். நீரில் மூழ்கிச் செத்ததற்கான அடையாளங்கள் அவை. கடலில் வாழும் உயிர் எப்படி மூழ்கும் என்று மகள் கேட்டாள். ஆமைக்கு நுரையீரல்தான் இருக்கிறது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு அடிக்கடலை வாரிக்கொண்டு மணிக்கணக்கில் இழுக்கும் மடிக்குள் சிக்கினால் மேலே வர வழியில்லை. திமிறத் திமிற இருக்கும் மூச்சும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொண்டே மீன் துண்டுகளைக் குழம்பில் போட்டேன். போட்டுக்கொண்டே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள், மகளைத் தவிர. அவளுக்கு முட்டை பொரித்தேன். அவளுடைய கொள்கையின் முதல் நாள் எனக்கு ஒரு வேலையைக் கூட்டியது.

என் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மீன் குழம்பில் எனக்கென்று ஓர் இன்பம் இருக்கிறது. அது மறுநாளைக் குழம்பு. திங்கட்கிழமைகளில் எனக்கு மதியத்துக்கு மேல்தான் கல்லூரியில் வகுப்பு. எல்லாரும் கிளம்பிய பிறகு பத்தரை மணி வாக்கில், ராத்திரியெல்லாம் புளியும் உப்பும் ஊறிய அந்தக் குழம்பைச் சூடு பண்ணாமல் பழைய சோற்றில் ஊற்றி, சட்டியின் அடியில் உடைந்து கிடக்கும் மீனை வழித்துச் சாப்பிடுவேன். அந்த இருபது நிமிடத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இதற்காகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கரண்டி கூடுதலாகக் கரைத்து வைப்பதுண்டு.

மகள் விடச் சொன்னது இதையும் சேர்த்துத்தான், அவளுக்குத் தெரியாது. விட்டுவிடுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. வெள்ளிக்கிழமை, புரட்டாசி, யாருக்கோ நேர்ந்துகொண்ட விரதம் என்று விடுவதிலேயே பழகிய கை இது. ஓர் ஆண் மீன் சாப்பிடுவதை நிறுத்தினால் வீட்டில் அது செய்தி. ஒரு பெண் நிறுத்தினால் பாதிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். பரிமாறிய பிறகு அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? பழகிய காரியம் என்பதாலேயே அந்தத் துறவைச் சந்தேகிக்கிறேன். நான் விட்டால் ஆமை பிழைக்குமா, அல்லது எனக்கு மட்டும் நல்லவள் என்று தோன்றுமா?

அதே சமயம், பெண்கள் ஏற்கெனவே எவ்வளவோ விட்டுக்கொடுத்துவிட்டோம், இதையாவது விடமாட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் ஒப்பவில்லை. என் வாழ்வில் நடந்த அநியாயங்களுக்கும் வலையில் மூச்சு முட்டிய ஆமைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அதை ஈடுகட்ட இதைச் சாக்காக வைக்க முடியாது.

அடுத்த ஞாயிறு மீன்காரக்காவிடம் போனேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். சங்கராவை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, இது எந்த போட்டுல வந்தது? ஆமை மாட்டுற வலையா?"

கத்தியைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா வெலையக் கேட்ட, எடையக் கேட்ட. இன்னிக்கு வலையக் கேக்குற. ஏசி கடையில கண்ணாடிப் பொட்டியில வெச்சினு விக்கிறானே, அவனாண்ட கேட்டியா?"

கேட்டதில்லை. மகளுக்கு முள்ளில்லாத மீன் அங்கேதான் வாங்குகிறேன். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு வருவேன்.

"எங்க ஊட்டுக்காரருது ஃபைபர் போட்டு. அதுலயும் ஆமை மாட்டும்மா, மாட்டாதுன்னு சொல்ல மாட்டேன். பாத்தா வலைய அறுத்து உட்டுட்டு வருவாரு. அறுத்த வலைக்கு யாரு காசு குடுக்குறா? பெரிய போட்டுக்காரன் எதுக்கு நிக்கப் போறான்? அவன் இழுத்துனே பூடுவான்."

அரைக் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. மகள் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்குச் செய்திருக்கிறேன். அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவர், தரையில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். குற்றத்தைப் பாத்திரம் கைமாற்றுவது போல ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம் கொடுத்துக்கொண்டே போகிறோம். கடைசியில் இருப்பவர் அதைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கப் பெண்ணியத் தத்துவவாதி இந்த இடத்தில் எனக்கு உதவினார். அவர் 2006-இல் இறந்தார். நீதிக்கான பொறுப்பு பற்றிய அவருடைய நூல் 2011-இல் வெளிவந்தது. கொத்தடிமை நிலையில் உழைப்பவர்கள் தைத்த சட்டையை நாம் வாங்கி அணிகிறோம். அந்த அநீதியில் நமக்கு என்ன பங்கு என்று அவர் கேட்கிறார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பது அவர் பதில். குற்றம் பின்னால் திரும்பி, யார் செய்தார் என்று தேடும். ஒருவரைப் பிடித்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். பொறுப்பு முன்னால் பார்க்கும். அந்த ஏற்பாட்டில் கைவைத்த எல்லாருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பங்கு சமமல்ல. யாருக்கு அதிகாரம் அதிகம், யார் அதில் லாபம் பார்க்கிறார், யாரால் கூடிச் செயல்பட முடியும் என்பதைப் பொறுத்து அது மாறும். தனியாக நின்று யாராலும் அதைத் தீர்க்க முடியாது என்பதும் அவர் வாதத்தின் பகுதி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஆமையிடம் திரும்பினால் விஷயம் சமையலறையைவிட்டு வெளியே போகிறது. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல், இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவது பெரும்பாலும் கரையை ஒட்டிய இந்தக் கடலில்தான். ஆமை விலக்கிக் கருவி என்று ஒன்றும் இருக்கிறது. வலையின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. மீனும் இறாலும் கம்பி இடுக்கு வழியே நுழைந்து பைக்குள் போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். கொஞ்சம் மீனும் தப்பிவிடும் என்பதால் படகு வைத்திருப்பவர்களுக்கு அதில் விருப்பமில்லை. இந்தக் கருவி இல்லாமல் பிடித்தது என்பதற்காக இந்தியக் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. ஒரு நாடு வாங்க மறுக்கும்போது துறைமுகங்களில் பேச்சு நடக்கிறது. நான் வாங்க மறுத்தால் மீன்காரக்காவின் கூடையில் அரைக் கிலோ மிஞ்சும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. எங்கள் வீட்டில் கருவாட்டுக் காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக வந்த தடை அது. ஆமைகள் முட்டையிட வருவதோ ஜனவரியில் தொடங்கிவிடுகிறது. தடை வருவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடும்.

மீனே சாப்பிடக் கூடாதா என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கிறது. ஆஸ்திரேலியத் தத்துவவாதி வால் பிளம்வுட்டை 1985-இல் ககாடு தேசியப் பூங்காவில், சிறு படகில் தனியே போனபோது ஒரு முதலை பிடித்துக்கொண்டது. மூன்று முறை நீருக்குள் இழுத்துச் சுழற்றியது, எப்படியோ தப்பினார். அந்த முதலையைக் கொல்லக் கூடாது என்பதில் பிறகு உறுதியாக நின்றார். நாமும் இன்னோர் உயிருக்கு உணவுதான், எந்த உயிரும் உணவு மட்டும் அல்ல என்பது அவர் எழுதியதன் சாரம். எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. மகளுக்குப் போதவில்லை, அவள் இன்னும் முட்டைதான். அதை இப்போது அவளே பொரித்துக்கொள்கிறாள்.

வீட்டில் ஒரு மாற்றம் செய்தேன். மீன் வாங்குவது இனிமேல் கணவர் வேலை. எந்தப் படகு, எந்த வலை என்று கேட்டுக்கொண்டு வருவதும் அவர் வேலை. முதல் வாரம் கேட்காமலே வந்தார். "எப்படிக் கேட்பது, ஒரு மாதிரியாக இருக்கிறதே" என்றார். அந்த ஒரு மாதிரியைத்தான் நான் ஒரு வாரம் சுமந்தேன் என்றேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு மகளும் நானும் ஆமை நடைக்குப் போனோம். கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988-இலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறது. "காலையில இட்லி யாரு ஊத்துவா?" என்று மாமியார் கேட்டார். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, அத்தை என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

டார்ச் அடிக்கக் கூடாது. வெளிச்சம் ஆமையைக் குழப்பிவிடும். ஈர மணலில் நடந்தோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக நள்ளிரவுக் கடற்கரையைப் பார்க்கிறேன். அலை உடையும்போது வெள்ளை மட்டும் தெரிகிறது. என்னோடு நடந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தி சத்தமாகக் கொட்டாவி விட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் இது கிடைக்காமல் இருந்திருக்கிறதே என்று கோபமும் வந்தது.

செத்த ஆமையின் வாடை முதலில் வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்மா, அம்மா ஆமை" என்றாள். செய்திகளிலும் தாய் ஆமை, தாய் ஆமை என்றே எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. பெண் ஆமை ஒன்றரை அடிக் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடித் தன் உடம்பாலேயே தட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்து பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது நாள் கழித்துக் குஞ்சுகள் தாமாகவே வெளிவந்து கடலைத் தேடிப் போகின்றன. நாம் சொல்லும் அர்த்தத்தில் அது தாயே அல்ல. தாய் என்று பெயர் வைத்தால்தான் ஒரு பெண்ணுயிரின் சாவுக்கு இரங்குவோமா? மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "சரி, பாவம் ஆமை" என்றாள்.

அதிகாலை இரண்டரைக்கு ஒரு தடம் கிடைத்தது, டிராக்டர் சக்கரம் போன மாதிரி. தன்னார்வப் பெண் ஒருத்தி மணலில் கம்பை மெதுவாக இறக்கி இறக்கி இளகிய இடத்தைக் கண்டுபிடித்தாள். தோள்வரை கையை விட்டு முட்டைகளை எடுத்தாள். மேஜைப் பந்து போல வட்டம், ஆனால் ஓடு மெத்தென்று இருந்தது. மகள் எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. நல்ல பசி. சனிக்கிழமைக் குழம்பு சட்டியில் இருந்தது. பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். மகளும் எதிரே உட்கார்ந்தாள், கால் முழுக்க மணலோடு. சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த வலையில வந்த மீனும்மா?"

"அப்பாவைக் கேளு."

எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் தட்டினாள்.