பேசாத பிள்ளையின் பேச்சு



சென்ற ஆண்டு தவக்காலத்து ஞாயிறொன்றில், பிரசங்க நேரத்தில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காதுகளைப் பொத்திக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான். நான் பிரசங்கத்தை நிறுத்தி, பிள்ளையை வெளியே கொண்டுபோகும்படி ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். தாய் எழுந்து போனாள். அதன்பின் ஏழு வாரம் அவளைப் பூசையில் காணவில்லை. உபதேசியார் வந்து சொன்ன பிறகே பிள்ளைக்கு ஆட்டிசம் என்னும் நிலை உண்டென்று அறிந்தேன். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்று அவள் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "வாயே வராத பிள்ளைக்கு ஞானோபதேசம் எதுக்குன்னு எங்க வீட்டிலேயே கேக்குறாங்க. நீங்க என்ன சொல்றீங்க, சாமி?"

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் படித்தபோது, மனிதன் பகுத்தறிவுள்ள பிராணி என்றும், பேச்சே அந்தப் பகுத்தறிவின் அடையாளம் என்றும் அரிஸ்டாட்டிலைத் தொட்டுப் படித்தோம். படித்ததைத் தலைகீழாக்கி, பேச்சில்லாத இடத்தில் அறிவுமில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அடையாளம் தென்படாததனால் பொருளே இல்லையென்று சொல்லலாமா? மேகம் மூடிய நாளில் சூரியன் இல்லையென்றா சொல்கிறோம்? புத்தி என்பது ஆத்துமத்தின் சக்தி. அதன் வெளிப்பாடு தடைப்படலாம், அதனால் ஆத்துமம் குறைந்துபோவதில்லை. புத்தியின் உபயோகம் குறைவாயிருப்பவர்களுக்கும் திவ்விய நற்கருணையை மறுக்கலாகாது என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் எழுதி எழுநூறு வருஷங்களுக்கு மேலாகிறது. ஞானஸ்நானம் கொடுத்தபோது, இந்தப் பிள்ளை பின்னர் பேசுமா என்று எந்தக் குருவும் விசாரித்ததில்லை.

இன்னொரு கேள்வியும் வீடுகளில் எழுகிறது: இது யார் பாவம்? பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் கேட்டதும் இதுதான். இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று நமதாண்டவர் அங்கேயே தீர்த்து வைத்தார். நாம்தாம் தீர்ந்துபோன வழக்கைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். பாமரர்கள் செய்வினை என்றார்கள். படித்தவர்களோ அதையே சாஸ்திர பாஷையில் சொன்னார்கள். 1943-ல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்நிலைக்குப் பெயரிட்டார். பிறகு பல வருஷகாலம், தாயின் அன்பு குளிர்ந்துபோனதே காரணம் என்ற அபவாதம் பரவியது. 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் அதை ஒரு புத்தகமாகவே போட்டார். அத்தகைய பிள்ளையொன்றின் தகப்பனாரான பெர்னார்டு ரிம்லாண்ட் 1964-லேயே தக்க ஆதாரங்களோடு அதை மறுத்திருந்தும், எத்தனை தாய்மார் அந்தப் பழியைச் சுமந்து செத்தார்களோ! பிறப்பதற்கு முன்பே மூளை வளரும் விதத்தில் உண்டாகும் வேறுபாடு இது; பரம்பரைக்கும் இதில் பெரும் பங்குண்டு என்று இன்று தெளிவாகியிருக்கிறது. தடுப்பூசியால் வருகிறதென்று 1998-ல் கிளம்பிய கட்டுரையை, அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, பேய் ஓட்டவென்று பிள்ளையைக் கட்டி இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். செபியுங்கள், ஆனால் பிள்ளையை வதைக்கும் எதுவும் செபமாகாது.

அப்படியானால் பேசாத பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? முதலில், அவன் பேசவில்லை என்பதே சரிதானா என்று பார்க்க வேண்டும். இந்தப் பையனுக்குத் தாகமெடுத்தால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தண்டை இழுத்துப் போவான். அது பேச்சல்லவா? சில வேளை, "தண்ணி வேணுமா?" என்பான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நாம் அவனிடம் கேட்கிற கேள்வியை நமக்கே திருப்பிச் சொல்கிறானே, கிளிப்பிள்ளை என்பார்கள். சற்று யோசியுங்கள். அவன் காதில் அந்தச் சொற்கள் விழுந்த ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வந்திருக்கிறது. தண்ணீர் வரவழைக்கும் சொல் அதுதான் என்று அவன் கண்டுபிடித்திருக்கிறான்! இப்படித் திருப்பிச் சொல்வது அர்த்தமற்ற பழக்கம், அதை நிறுத்த வேண்டும் என்று முன்னே எண்ணினார்கள். கேட்பதற்கும், பதில் சொல்வதற்கும், பயத்தைத் தணித்துக்கொள்வதற்குமாகப் பிள்ளைகள் இதைக் கையாளுவதை 1980-களில் ஆராய்ந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். தாய் இப்போது அவனை அதட்டுவதில்லை. "தண்ணி வேணும்" என்று அவன் சொல்ல வேண்டியதைத் தானே ஒருமுறை அவனுக்காகச் சொல்லிவிட்டு, தம்ளரை நீட்டுகிறாள்.

படச் சீட்டுகளும் உண்டு. 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி பிராஸ்ட் என்ற இருவர் ஒரு முறையை ஆரம்பித்தார்கள். தம்ளர் படத்தைப் பிள்ளை எடுத்து உங்கள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவுடனே தண்ணீர் வரும். படத்தைத் தொட்டால் மட்டும் போதாது, இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும் என்பதே இதன் நுட்பம். பேச்சு என்பது மற்றொரு ஆளை நோக்கிப் போவது என்று பிள்ளை இதிலே கற்கிறது. படம் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சு அடியோடு நின்றுவிடும் என்று பாட்டிமார் பயப்படுகிறார்கள். ஆராய்ச்சிகள் கண்டது வேறு: படங்கள் பேச்சைக் கெடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. நாவடைத்துப் போன சக்கரியாஸ் எழுதும் பலகை கேட்டு வாங்கித் தம் மகனுக்குப் பெயரிட்டார். அவருக்கும் பின்னர் நா திறந்ததே!

பிள்ளையோடு பேசும்போது சிறு வாக்கியமாகப் பேசுங்கள். பேசிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். எனக்கு இது மிகக் கடினமாயிருந்தது. குருக்களுக்கு மௌனம் பழக்கமில்லை. முகத்தைத் திருப்பி, என் கண்ணைப் பார் என்று வற்புறுத்தாதீர்கள்; பார்க்காமலே அவன் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளையை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் விரல் நீட்டிக் காட்டாத பிள்ளையை, "அவன் அப்பனும் அஞ்சு வயசிலேதான் பேசினான்" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதித்து, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசத்தை 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரியதைக் கேட்டு வாங்குவதில் வெட்கமென்ன?

அர்ச். பிரான்சிஸ்கு சலேசியார் ஆயராயிருந்தபோது, பிறவியிலேயே காது கேளாத, வாய் பேசாத மார்ட்டின் என்ற ஏழையைக் கண்டார். இவன் பேசும் நாள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே சைகைகளால் அவனுக்கு வேதசத்தியங்களைக் கற்பித்து, நற்கருணையும் அளித்தார். யார் யாருடைய பாஷையைக் கற்பது என்ற கேள்விக்கு அவர் நடத்தையே விடையாக எனக்குப் படுகிறது. கற்கக் கூடியவன் கற்க வேண்டும். நமக்கு அது இயலும். பிள்ளையோ தன்னால் ஆனமட்டும் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருக்கிறான்.

பிறகு புதுநன்மைக்கு வந்தோம். நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்தினின்று பிரித்தறிவது பிள்ளைகளுக்கு வேண்டும் என்று 10-ம் பத்திநாதர் 1910-ல் விதித்திருக்கிறார். வாயால் சொல்லாத பிள்ளையிடம் அதை எப்படி அறிவது? அவன் தாய் அடுக்களைப் படமொன்றும் பீடத்தின் படமொன்றும் மேசைமேல் வைத்தாள். ரொட்டிப் படத்தையும், அப்பத்தின் படத்தையும் அவன் கையில் கொடுத்தாள். ரொட்டியை அடுக்களையில் வைத்தான். அப்பத்தைப் பீடத்தில் வைத்தான். நான் சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்தேன். மீண்டும் அப்படியே வைத்தான். மூன்றாந்தரம் கலைத்தபோது என் கையைத் தட்டிவிட்டான், அதிலும் நியாயமிருந்தது. புதிய பண்டம் எதுவும் அவன் நாவில் ஒட்டாது என்பதால், வசீகரிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்து ஆறு வாரம் பழக்கினாள். சென்ற மாதம் அவன் நன்மை வாங்கினான்.

சப்தம் அவனுக்கு வலியென்று இப்போது தெரியும். நமதாண்டவரும் செவிடனைக் கூட்டத்தைவிட்டு அப்புறம் அழைத்துப்போய்த்தான் குணமாக்கினார். ஆகவே மாலைப் பூசையில் ஒலிபெருக்கியைக் குறைத்திருக்கிறோம். பக்கவாசலை ஒட்டிய இரண்டு பெஞ்சுகள் இத்தகைய குடும்பங்களுக்கே. வேண்டும்போது எழுந்து வெளியே போகலாம், திரும்பி வரலாம். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். திருவிழா வெடியை இவ்வருஷம் பள்ளி மைதானத்துக்கு அப்பால் போடச் சொன்னதில் வாலிபர்களுக்கு மனத்தாங்கல். தேவமாதாவுக்கு இராது என்று நம்புகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பையன் என் மணிக்கட்டைப் பிடித்து மணிக் கயிற்றண்டை இழுத்துப் போனான். என்ன வேண்டுமென்று தெரிந்தும் பேசாமல் நின்று பத்து எண்ணினேன். எட்டு எண்ணுவதற்குள், கயிற்றைப் பார்த்தபடியே, "மணி அடிக்கணுமா?" என்றான்.

அடித்தோம். பூசை முடிந்து மணியடிப்பதேன் என்று மூன்று பேர் வந்து விசாரித்தார்கள்.