மூன்றாம் முறை கடைக்கு

வீட்டு முற்றத்தில் மோட்டார் காரைத் திருத்துபவர், சாமான் வாங்கக் கடைக்கு மீண்டும் மீண்டும் போய்வருவதைக் கண்டிருப்பீர்கள். இந்த அலைச்சலுக்கு அவர்தாம் பொறுப்பா?

அறநூலார் அறியாமையை இரண்டாக வகுப்பர். முயன்றால் நீக்கக்கூடியது ஒன்று. முயன்றாலும் நீக்கமுடியாதது மற்றொன்று. முன்னையதற்கே நாம் பொறுப்பாளிகள்.

1948இல் வெளிவரத் தொடங்கிய மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். பிறேக் ஒயில் கசிகிறது. முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலின்டர்கள் உண்டு. அதைப் பாராமல் ஒன்றுக்கு மட்டும் றப்பர் வாங்கிவந்தால், இரண்டாம் பயணம் அசட்டையின் விலை. ஆனால் சிலின்டரைக் கழற்றிய பின்னரே அதன் உட்புறம் துருவேறிக் குழிவிழுந்திருப்பது தெரிந்தால், மூன்றாம் பயணத்துக்கு எவரையும் குறைகூற இயலாது.

சோதனை வருவது இங்கேதான். பொழுது சாய்கிறது, கடை பூட்டும் நேரம். புது றப்பரைப் பழைய சிலின்டரிலேயே போட்டுப் பூட்டிவிட்டால் என்ன? வெளியே தெரியாதே!

அக்காரில் காலால் மிதிக்கும் பிறேக் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயிலால் இயங்குகிறது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிடும். குழியைக் கண்ணால் கண்டபின் அறியாமை என்ற சாட்டு ஏது? நமது களைப்புக்குப் பின்னாசனத்துப் பிள்ளைகளும், சந்தியில் வீதியைக் கடக்கும் மூதாட்டியும் விலைகொடுப்பது நீதியாகுமா?

ஆகவே, கழற்றுமுன் நன்றாகப் பாருங்கள். கழற்றியபின் கண்டதை மறைக்காதீர்கள். கார் இன்னும் ஒருநாள் முற்றத்தில் நிற்கட்டும்.